காரணம் தெரியாத மன்னிப்பு: தாயின் மவுனத்தில் வளர்ந்த ஒரு சகோதரி

எங்கள் சபையின் ஆலோசனைக் குழு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக உடனிருந்த ஒரு சகோதரியைப் பற்றிய பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதப்பட்டது. முதல் வடிவத்தை அவரே வாசித்து இரண்டு இடங்களைத் திருத்திக் கொடுத்தார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. சபைகளில் ஆலோசனை, ஜெப உதவி செய்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பின்னணி

சகோதரிக்கு முப்பதுகளின் பிற்பகுதி வயது. கணவர், ஒன்பது வயது மகள். வேலைக்குப் போகிறார், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறார், பாடகர் குழுவிலும் இருக்கிறார். சபையில் ஒரு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருகிற பெயர் அவருடையது. "முடியாது" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சிறு வயதில் அவரை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. வீட்டில் பசி இல்லை, குடி இல்லை. தாயாருக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். ஒரு நாள், மூன்று நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல். தட்டு வைக்கப்படும், துணி துவைத்து மடிக்கப்படும், ஆனால் முகம் திரும்பாது. பிள்ளை முன்னால் வந்து நின்றால் பார்வை பிள்ளையைத் தாண்டிச் சுவரில் போய் நிற்கும். அப்புறம் ஒரு காலையில், "ஸ்கூலுக்கு நேரமாகலையா?" என்ற கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடும். எதற்காகத் தொடங்கியது, எதனால் முடிந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தகப்பனார் மென்மையானவர். "நீ போய் மன்னிப்புக் கேட்டுடும்மா, சரியாயிடும்" என்பார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கும் தெரியாது. ஆகவே பிள்ளை யோசித்து யோசித்து ஒரு தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு போகும். அது பலிக்காவிட்டால் இன்னொன்றைத் தேடும். மன்னிப்புக் கேட்பது என்பது மவுனத்தை உடைக்க ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பது என்று ஏழெட்டு வயதிலேயே அவர் படித்துவிட்டார். பிற்பாடு நடந்தது பெரும்பாலும் இதிலிருந்து வளர்ந்ததுதான்.

எங்களிடம் வந்தது எதனால்

தன்னைப் பற்றிப் பேச அவர் வரவில்லை, மகளைப் பற்றிப் பேச வந்தார். ஒரு மாலை வேலையிலிருந்து களைத்து வந்து, எதற்கோ மனம் நொந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் ஒரு தாள் உள்ளே வந்தது. நோட்டிலிருந்து கிழித்த பக்கம். பென்சிலில் எழுதியிருந்தது: "அம்மா ஸாரி. என்ன செஞ்சேன்னு தெரியல. ஆனா ஸாரி."

அந்தத் தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "அவ ஒண்ணுமே செய்யலக்கா. நான் அவகிட்ட ரெண்டு நாளா சரியா பேசலைன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது" என்றார்.

கவனித்தவை

முதல் சில சந்திப்புகளில் நாங்கள் அதிகம் பேசவில்லை. போதகரும் நானும் சேர்ந்தே கேட்டோம். மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஒன்று, தனக்குக் காயம் உண்டு என்பதையே அவர் ஏற்கவில்லை. "எங்கம்மா என்னை ஒரு அடி அடிச்சதில்லை" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காயம் என்றால் தழும்பு வேண்டும் என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. சிறுவயதுத் துன்ப அனுபவங்களைப் பற்றி 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இந்தத் துறையில் ஒரு தொடக்கப் புள்ளி. அதன் கேள்வித்தாள் பிற்பாடு பத்து வகைகளாக விரிந்தபோது, உணர்வு ரீதியான புறக்கணிப்பும் அடியோடும் வசையோடும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது. அதற்கும் முன்பே, 1970-களில், எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாய்மாரைச் சில நிமிடம் கைக்குழந்தையின் முன் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்காரச் சொன்னார். குழந்தை சிரிக்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதற்கும் பதில் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. இதைச் சகோதரிக்கு விவரித்தபோது வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "அது சில நிமிஷம்தானே?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது, ஒரு நோட்டு. ஒவ்வொரு இரவும் அன்றைய பாவங்களை எழுதி வைத்து ஜெபிப்பார். அதைக் காட்டத் தயங்கி, ஒருநாள் அவராகவே கொடுத்தார். தேதி, அதன் கீழே வரிசை. "அலுவலகத்தில் பொறுமையிழந்தது" என்ற ஒரே வரி பக்கம் பக்கமாக வருகிறது. சில இடங்களில் அதே பாவத்துக்குப் பக்கத்தில் "மறுபடி, உண்மையான மனதோடு" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். கடைசி வரி பல நாட்களில் ஒன்றுதான்: "தெரியாமல் செய்தது எதுவாயிருந்தாலும்."

மூன்றாவது, இவை இரண்டையும் சேர்க்கிற கண்ணி. ஜெபத்துக்குப் பதில் வரத் தாமதமானால், வேதம் வாசித்து மனம் வறண்டிருந்தால், தேவன் தன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார் என்றே அவர் முடிவு செய்வார். உடனே தேடல் தொடங்கிவிடும்: நான் என்ன செய்தேன்? "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று தொடங்கும் 1 யோவான் 1:9-ஐ அவர் வாக்குத்தத்தமாக வாசிக்கவில்லை. பேச்சு திரும்ப வருவதற்கான விலையாகத்தான் வாசித்தார். தாயின் முகத்தையே பரலோகத்திலும் வைத்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கு முன் இரண்டு மூன்று கூடுகைகளில் "உங்களைக் காயப்படுத்தினவரை இப்போதே மன்னியுங்கள்" என்ற அழைப்புக்கு எழுந்து நின்று ஜெபித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் சில வாரம் லேசாக இருக்கும். பிறகு தாயார் தொலைபேசியில் ஒருமுறை மவுனமானால் பழைய நடுக்கம் திரும்பி வந்துவிடும். "சரியாக மன்னிக்கவில்லை" என்பது நோட்டில் புதிய பாவமாக ஏறிவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மன்னிப்பு ஜெபத்தை இன்னொரு முறை நடத்துவதில்லை என்பது. குழுவில் ஒருவருக்கு இது உறுத்தலாகவே இருந்தது. மன்னிப்பு இல்லாமல் சுகமா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் என்ன நடந்தது என்பதையே வாய்விட்டுச் சொல்லாத ஒருவர் எதை மன்னிப்பார்? இவருக்கோ காரணம் தெரியாமல் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம். காரணத்தைச் சொல்லாமல் மன்னிக்க வைத்தால் அதே பழக்கத்துக்கு நாங்களும் துணைபோவோம்.

இரண்டாவது, பழைய நினைவுக்குள் போய் "இயேசு அந்த அறையில் எங்கே நிற்கிறார், பாருங்கள்" என்று வழிநடத்துகிற ஜெப முறையைத் தவிர்த்தோம். சிலருக்கு அது ஆறுதல் தந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நினைவைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய மாணவியும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட பொய்யான சம்பவத்தை 24 பேரில் 6 பேர் முழுமையாகவோ ஓரளவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். மரியாதைக்குரிய ஒருவர், கண்ணை மூடியிருக்கும்போது, அடுத்தடுத்துக் கேள்வி கேட்டால் நினைவு வளையும். இந்தச் சகோதரியோ எதிரில் இருப்பவருக்கு எது பிடிக்கும் என்று மோப்பம் பிடித்தே வளர்ந்தவர். நாங்கள் எதிர்பார்க்கும் காட்சியை எங்களுக்காகவே கண்டு சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது. அவருக்குத் தானாக நினைவிருப்பதே போதுமான அளவு இருந்தது.

மூன்றாவது, மகளுக்கு முதலிடம். தாயாரோடு பேசுவது, கடந்த காலத்தைப் பேசித் தீர்ப்பது எல்லாம் காத்திருக்கலாம், அந்தத் தாளை எழுதிய பிள்ளை காத்திருக்க முடியாது. அந்த வாரமே அவர் மகளிடம் போய், "அம்மா பேசாம இருந்தது உன் தப்பு இல்ல, என் தப்பு" என்று சொன்னார். அவர் நோட்டில் இருந்த நூற்றுக்கணக்கான அறிக்கைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தத் தப்பு எது, யாருக்குச் செய்தது என்று அவருக்குத் தெரிந்தது. பாவம் என்று ஒன்றே இல்லை என்று நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. பெயர் தெரிந்த பாவத்தை ஒருமுறை அறிக்கையிடுங்கள், பெயர் தெரியாததைத் தேடி அலையாதீர்கள் என்றுதான் சொன்னோம்.

வீட்டுக்கு ஒரு சின்ன வாக்கியமும் ஒப்புக்கொண்டார்: "எனக்கு இப்ப கோபமா இருக்கு. உன்னை வெறுக்கல. அரை மணி நேரம் கழிச்சு வந்து பேசறேன்." மனம் கொதிக்கும்போது ஒதுங்குவதில் தவறில்லை. எப்போது திரும்புவேன் என்று சொல்லாமல் ஒதுங்குவதுதான் பிள்ளையை வாட்டுகிறது. ட்ரோனிக்கின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. நல்ல தாயும் பிள்ளையும்கூடப் பெரும்பகுதி நேரம் ஒத்துப்போவதில்லை, விலகிய பிறகு மறுபடி சேர்கிறார்களா என்பதுதான் பிள்ளையை உருவாக்குகிறது.

நான்காவது முடிவு, சபைக்கு வெளியே ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பியது. தூக்கம் கெட்டிருந்தது, நோட்டு எழுதுவது சில இரவுகளில் நள்ளிரவைத் தாண்டியது. பாவம் செய்துவிட்டோமோ என்ற ஓயாத சந்தேகமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்வதும் ஓ.சி.டி. எனப்படும் நோயின் ஒரு வடிவமாகவும் இருக்கக்கூடும். விசுவாசக் குறைவு என்று நாம் பெயர் வைத்துவிட்டால் அது பிடிபடாது. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, அதைக் கேட்கும் மூத்த துறவி ஸ்டௌபிட்ஸையே களைக்க வைத்த கதையைப் போதகர் அவருக்குச் சொன்னார். "அப்ப நான் ஒருத்தி மட்டும் இல்ல" என்று சிரித்தார். அதுதான் நாங்கள் கண்ட முதல் சிரிப்பு.

உளவியலாளர், சகோதரியின் அனுமதியோடு, எங்களிடமும் ஒன்று கேட்டுக்கொண்டார். "இது பாவமாக்கா? தேவன் என்மேல் கோபமாயிருப்பாரா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "இல்லவே இல்லை" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். அந்த ஆறுதல் ஒரு மணி நேரம் நிற்கும், அடுத்த கேள்வி இன்னும் வேகமாக வரும். ஒருமுறை பதில் சொல்லுங்கள், மறுபடி கேட்டால் "அதைப் பற்றி முன்னமே பேசிவிட்டோம்" என்று விட்டுவிடுங்கள். சபை ஊழியத்தில் இருக்கிறவர்களுக்கு இது கடினமான ஒழுக்கம். ஆறுதல் கேட்டு வருகிறவரை அப்படியே உட்கார வைப்பது இரக்கமில்லாத காரியமாகத் தோன்றும்.

யோபுவோடு கழிந்த மாதங்கள்

வேதத்தில் எங்கே தொடங்குவது என்று போதகர் கேட்டபோது, சகோதரியே 13-ஆம் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்தார். "எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்ற வரியில் நின்றுவிட்டார். இப்படிக் கேட்க அனுமதி உண்டா என்பது அவருடைய ஆச்சரியம். 28-ஆம் சங்கீதம் "நீர் கேளாதவர்போல மவுனமாயிராதேயும்" என்று நேரடியாகவே முறையிடுகிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, ஒரு துதி வார்த்தைகூட இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்கள். ஆராதனையில் நாம் பாடுவதோ பெரும்பாலும் மற்ற இரண்டு பங்கிலிருந்து.

தாயின் மவுனத்துக்கு முன் முறையிட அவருக்கு உரிமை இருந்ததில்லை. "ஏன் பேசமாட்டேங்கறீங்க?" என்று கேட்டாலே மவுனம் நீளும். அதனால், கேட்டதற்காகத் தண்டிக்காத ஒருவரிடம் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பதே அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது. நோட்டின் இடத்தில் தினமும் ஒரு முறையீட்டை எழுதச் சொன்னோம். முதல் வாரம் எழுதியதெல்லாம் மற்றவர்களுக்காக. மெள்ள மெள்ளத்தான் "நான்" என்ற சொல் வந்தது.

பிறகு யோபுவுக்கு வந்தோம். இங்கேதான் வெகுநாள் தங்கினோம், தங்கியது சரியென்றே நினைக்கிறேன். யோபுவின் நண்பர்கள் அடிப்படையில் செய்வது ஒன்றுதான்: இவ்வளவு துன்பம் வந்திருக்கிறது, ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய், தேடிப் பார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இதே விசாரணை. அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின் பேச்சை வாசித்துக்கொண்டிருந்தபோது சகோதரி புத்தகத்தை மூடி, "இது என் நோட்டு" என்றார். 42-ஆம் அதிகாரத்தில் தேவன் அந்த நண்பர்களிடம், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபிக்கிறார். முறையிட்டவன் பக்கம் தேவன் நின்றார், குற்றம் தேடினவர்கள் பக்கம் நிற்கவில்லை. இதை நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியமும் எங்களுக்கு உதவியது. யோபு 2:13-ல், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சந்திப்பில் அவர் அழுது முடித்த பின் நானும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அக்கா, என்மேல கோபமா?" என்றார். இல்லை, உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே பேசாமல் இருப்பதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முகம் திருப்பிய மவுனமும் முகம் பார்த்த மவுனமும் வேறு என்பதை உடம்பு பழக வேண்டியிருந்தது. பிரசங்கம் அதைச் செய்யாது. பல வாரங்களுக்குப் பிறகு, ஜெபத்தில் பதிலில்லாத நேரத்தைப் பற்றிப் பேசும்போது, "அவர் எழுந்து போயிட்டார்னு இப்ப தோணறதில்ல" என்று சாதாரணமாகச் சொன்னார்.

தாயாரோடு

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளை அவருக்குப் பாரமாக இருந்தது. கனம்பண்ணுவது என்றால் மவுனம் முடியும்வரை கெஞ்சுவது என்றே புரிந்துகொண்டிருந்தார். அதே வேதம் பெற்றோரிடமும் பேசுகிறது. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறது கொலோசெயர் 3:21. இரண்டையும் சேர்த்து வாசித்த பிறகு, தாயாரைப் பார்க்கப் போவது, மருத்துவச் செலவைப் பார்ப்பது எல்லாம் தொடர்ந்தது, கெஞ்சுவது மட்டும் நின்றது.

ஒரு சின்ன விஷயத்தில் தாயார் மறுபடி மவுனமானார். சகோதரி தொலைபேசியில், "அம்மா, உங்களுக்குக் கோபம்னா சொல்லுங்க, கேட்டுக்கறேன். சொல்லாட்டா எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை மறுபடி கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரம் அவர் தூங்கவில்லை. நோட்டை எடுக்கக் கை போனது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். தாயார் எதுவும் நடக்காததுபோல் வேறெதையோ பேசினார்.

பிற்பாடு ஒரு சந்திப்பில் தாயாரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்தது. சிறு வயதிலேயே தன் தாயை இழந்து, எதிர்த்துப் பேசினால் இடமில்லை என்கிற ஒரு உறவினர் வீட்டில் வளர்ந்தவர் அவர். இது பரிதாபத்தைத் தந்தது. அதை விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று உளவியலாளர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது.

மன்னிப்பு இந்த இடத்தில்தான் வந்தது. யாரும் கேட்காமல், தனியாக, வீட்டில். மன்னிப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எவரெட் வொர்திங்டன், முடிவாக எடுக்கிற மன்னிப்பு வேறு, உணர்வில் நடக்கிற மன்னிப்பு வேறு, இரண்டாவது வரக் காலமெடுக்கும் என்கிறார். சகோதரி முடிவை எடுத்துவிட்டார். உணர்வு சில நாட்கள் இருக்கிறது, சில நாட்கள் இல்லை. இல்லாத நாளை அவர் பாவக் கணக்கில் எழுதுவதில்லை.

இப்போதைய நிலை

தூக்கம் பெரும்பாலும் சீராகிவிட்டது. இரவு நோட்டு நின்று பல மாதங்கள் ஆகின்றன. வேலைச்சுமை கூடும் வாரங்களில் அறிக்கை செய்யும் உந்துதல் திரும்புகிறது, அப்போது உளவியலாளரிடம் போய்வருகிறார். பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டார். சிலருக்கு அதில் வருத்தம், விளக்கம் கேட்டார்கள், அவர் "இப்போதைக்கு முடியாது" என்று மட்டும் சொன்னார். மகள் காரணமில்லாமல் ஸாரி சொல்வது குறைந்திருக்கிறது. சமீபத்தில் அவள் அம்மாவிடம், "அரை மணி நேரம் ஆயிடுச்சு, இன்னும் கோபமா?" என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்டாளாம். தாயார் மாறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்பார் என்ற எதிர்பார்ப்பிலும் சகோதரி இல்லை.

மாற்றிக்கொண்டவை

கூடுகைகளில் மன்னிப்புக்கான பொது அழைப்பை நிறுத்திவிட்டோம். விரும்புகிறவர்கள் பிற்பாடு தனியாக வந்து பேசலாம் என்று மட்டும் அறிவிக்கிறோம். ஜெபத்துக்கு வருகிறவரிடம் தூக்கம், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருவது பற்றித் தொடக்கத்திலேயே கேட்கிறோம். வெளியே அனுப்ப வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் அனுப்புகிறோம். மாதம் ஒரு ஆராதனையில் ஒரு புலம்பல் சங்கீதத்தை முழுமையாக, நடுவில் வெட்டாமல், வாசிக்கிறோம். அதற்கு ஆட்சேபணையும் இருக்கிறது, சபைக்கு வருகிறவர்கள் சோர்ந்து போவார்கள் என்கிறார்கள்.

ஞாயிறு பள்ளியில் அடங்காத பிள்ளையைப் "பேசாமல் விட்டுவிடுங்கள், தானாக வழிக்கு வரும்" என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிவந்த பழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பற்றி இந்தச் சகோதரிதான் கேள்வி எழுப்பினார். சில ஆசிரியர்கள் அது இல்லாமல் வகுப்பை நடத்தவே முடியாது என்கிறார்கள். அடுத்த ஆசிரியர் பயிற்சிக்கு முன் போதகரோடு உட்கார்ந்து இதை முடிவு செய்ய வேண்டும்.